தம்பி பிரேக்கை அண்ணனுக்கு மாட்டிய கதை

மாட்டி எட்டு மாதம் ஆகிறது. மாட்டிய மறுநாளே எழுத உட்கார்ந்தேன், நல்லவேளை எழுதவில்லை. ஒரு சனி ஞாயிறு முழுக்க வண்டிக்கு அடியில் கிடந்து விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தவன் அடுத்த நாள் எழுதினால் அது மதிப்புரையாக இருக்காது, சுயபுராணமாகத்தான் இருக்கும்.

வண்டி 1991ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. மியாட்டா என்றால் பலருக்குத் தெரியும்; ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றார்கள். 1989இல் வந்த முதல் தலைமுறை, முகப்பு விளக்கு இமை திறந்த மாதிரி மேலே எழும்புமே, அதுதான். 1.6 லிட்டர் என்ஜின், ஏபிஎஸ் கிடையாது, எடை ஆயிரம் கிலோவுக்குள். இதே உடம்பில் 1994 மாடலில் 1.8 லிட்டர் என்ஜினைப் போட்டபோது மாஸ்டா பிரேக்கையும் ஒரு சுற்று பெரிதாக்கியது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். 1.6இல் முன் டிஸ்க் 235 மி.மீ. விட்டம், 18 மி.மீ. தடிமன். 1.8இல் அது 255, 20. பின்னால் 231 இருந்தது 251 ஆனது. அந்த 1.8 பாகங்களை எடுத்து 1.6இல் மாட்டியதைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. வழக்கமாக அண்ணன் சட்டைதான் தம்பிக்கு இறங்கி வரும். இங்கே அண்ணன் தம்பி சட்டையைப் போட்டுக்கொள்கிறான்.

இந்த மாற்றத்தில் எனக்குப் பிடித்ததே அதன் எளிமைதான். டிஸ்க்கை இருபுறமும் பேட் என்ற உராய்வுக் கட்டைகளால் கவ்விப் பிடிக்கும் காலிபர் இரண்டு வண்டிக்கும் ஒன்றே. காலிபரைத் தாங்கும் பிராக்கெட் மட்டும்தான் வேறு. 1.8 பிராக்கெட், காலிபரைச் சக்கரத்தின் மையத்திலிருந்து 10 மி.மீ. வெளியே தள்ளி உட்கார வைக்கிறது. அந்த இடைவெளியில் பெரிய டிஸ்க் வந்துவிடுகிறது. ஆகவே பழைய வண்டியிலிருந்து கழற்றி வாங்க வேண்டியது நான்கு பிராக்கெட்டுகள், அவ்வளவே. டிஸ்க்கும் பேடும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம், அப்படித்தான் வாங்கவும் வேண்டும். கழற்றிய டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். எவ்வளவு தேய்ந்தால் தூக்கிப் போட வேண்டும் என்ற அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

காலிபருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனின் அளவு மாறாததால், பெடலை மிதித்ததும் ஆயிலைக் காலிபருக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைத் தொட வேண்டியதில்லை. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வேறொரு பெரிய வண்டியின் நான்கு பிஸ்டன் காலிபரைக் கொண்டுவந்து மாட்டுகிறவர்கள் கடைசியில் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிஸ்டன் பரப்பு கூடினால் அதைத் தள்ள அதிக ஆயில் வேண்டும், பெடல் ஆழமாகப் போகும், அப்புறம் மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டிவரும். முன்னால் மட்டும் பலம் கூடிவிட்டால் முன் சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், பின் பிரேக் சும்மா கூட ஓடிவரும். முன்னும் பின்னும் சேர்ந்தே வளர்ந்த பிரேக்கை அப்படியே எடுத்து வைப்பதில் இந்த வம்பெல்லாம் இல்லை. தொழிற்சாலையில் எப்போதோ ஒரு பொறியாளர் போட்ட கணக்கை நாம் இலவசமாக எடுத்துக்கொள்கிறோம்.

சரி, எதற்காக இந்த வேலை? எனக்கு இருந்த குறை இரண்டு. ஒன்று, பெடல் ஈரப் பஞ்சை மிதித்த மாதிரி இருந்தது. இரண்டு, ஒரு நீண்ட மலை இறக்கத்தில் ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் பிரேக்கில் உயிர் குறைந்தது. கால் வழக்கமான இடத்துக்குப் போகிறது, வண்டி வழக்கம்போல நிற்கவில்லை. அந்த உணர்வை ஒருமுறை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டாம். கியரைக் குறைத்து, ஓரம் கட்டி, இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்திலிருந்து கருகிய வாசனை.

அங்கிருந்து வீட்டுக்கு வந்து நேராக 1.8 பாகம் தேடியிருப்பேன். பழைய வண்டிகளோடு பல காலம் பழகிய நண்பர் ஒருவர்தான் தடுத்தார். "முதல்ல இருக்கிறதை ஒழுங்கா வேலை செய்ய வைங்க. அதுக்கப்புறம் பெரிசு சிறிசு பேசலாம்" என்றார். கோபமாக வந்தது, ஆனால் கேட்டேன். அப்படிக் கேட்டதால்தான் இந்த மதிப்புரையில் கொஞ்சமாவது நேர்மை இருக்கிறது.

பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் கரும்பழுப்பு. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை இறங்கும். டாட் 4 என்ற ஆயில் தரத்துக்கு, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்று விதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பே 155தான். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் ஆவியைத்தான் அழுத்தும், காலிபருக்கு ஒன்றும் போய்ச் சேராது. முன் இடது காலிபர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின்னைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. கீழே இருந்த ஸ்லைடு பின் துருவேறி இறுகிப்போயிருந்தது, அதனால் உள்பக்கப் பேட் மட்டும் வேலை செய்து ஒரு விரல் நகம் அளவுக்குத் தேய்ந்து கிடந்தது. வெளிப்பக்கப் பேட் கிட்டத்தட்ட புதிது. எத்தனை நாளாக மூன்றரை பிரேக்கில் ஓட்டினேனோ தெரியவில்லை. பின்னைத் துடைத்து, உப்புத்தாள் போட்டு, ரப்பருக்குக் கெடுதல் செய்யாத சிலிகான் கிரீஸ் தடவி, ரப்பர் உறைகளை மாற்றி, பழைய ரப்பர் ஹோஸ்களுக்குப் பதில் எஃகு வலை சுற்றியவற்றைப் போட்டு, புது டாட் 4 ஊற்றி ஓட்டினேன்.

முதல் குறை அத்தோடு போனது. பஞ்சு பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. 1.8 பாகம் ஒன்றுகூட இன்னும் வீட்டுக்கு வரவில்லை, பாருங்கள். பெரிய பிரேக் மாட்டியதும் பெடல் கெட்டியாகிவிட்டது என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் புகழ் புது ஆயிலுக்கும் புது ஹோஸுக்கும் சேர வேண்டியது என்பது என் சந்தேகம்.

இப்படியே இரண்டு மாதம் ஓட்டினேன். அதே மலை, அதே இறக்கம். வளைவு எட்டு வரை வண்டி ஒழுங்காக நின்றது, அதன் பிறகு மறுபடி களைத்தது. இந்த முறை பெடல் உயரம் மாறவில்லை, ஆகவே ஆயில் கொதிக்கவில்லை. பேடும் டிஸ்க்கும்தான் சூடு தாங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் நியாயம்தான். ஆளோடு சேர்த்து 1,050 கிலோ என்று வைத்தால், 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது சுமார் 400 கிலோஜூல் வெப்பம் வருகிறது. ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் பெரும்பங்கு முன்னால் இருக்கும் இரண்டு சிறிய இரும்புத் தட்டுகளுக்குள் போகிறது. அவை ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. பாகம் தேட ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

பிராக்கெட்டுகளைப் பழைய வண்டி உடைத்து விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். பெயர் வேண்டாம். 1994 முதல் 1997 வரை வந்த 1.8 மட்டுமல்ல, அடுத்த தலைமுறையில் வந்த சாதாரண 1.8 வண்டியிலும் இதே 255, 251 அளவுதான், ஆகவே கிடைப்பது கடினமில்லை. நான்கும் ஒரே பெட்டியில் வந்தன. துரு, பழைய கிரீஸ், உள்ளே ஒரு செத்த சிலந்தி. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, சூடு தாங்கும் கறுப்பு பெயின்ட் அடித்து, காயவைத்து, வரிசையாக நிறுத்தி அழகு பார்த்தேன். அளந்து பார்க்கவில்லை.

முன் இடதுபக்கம் அழகாக உட்கார்ந்தது. முன் வலதுபக்கம் பிராக்கெட்டைப் போல்ட் போட்டு முறுக்கியதும் டிஸ்க் சுற்றவில்லை. விளிம்பு பிராக்கெட்டின் பாலத்தில் இடித்துக்கொண்டு நிற்கிறது. டிஸ்க் சரியாக உட்காரவில்லையோ என்று மூன்று முறை கழற்றி மாட்டினேன். கடைசியில் இடது பிராக்கெட்டைக் கழற்றி இரண்டையும் தரையில் முதுகோடு முதுகு வைத்தபோதுதான் தெரிந்தது, ஒன்று மற்றதைவிடக் குட்டை. எனக்கு வந்த நான்கில் ஒன்று 1.6 பிராக்கெட். ஏற்கனவே என் வண்டியில் இருந்த அதே ஜாதி. அதற்குத்தான் இரண்டு கோட் பெயின்ட்.

விற்றவரைக் கூப்பிட்டால், "எல்லாம் ஒண்ணுதான் சார், தட்டிப் பாருங்க" என்றார். பிரேக்கைத் தட்டி மாட்டச் சொல்கிற ஆளிடம் என்ன பேச? வெர்னியரோடு படம் எடுத்து அனுப்பியதும் பேச்சு மாறியது. சரியான பிராக்கெட் வந்து சேர 12 நாள். ஒருபக்கம் பெரிது, ஒருபக்கம் சிறிது என்று ஓட்டவும் முடியாது, பிரேக் பிடித்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். ஆக 12 நாளும் வண்டி ஸ்டாண்டு மேல்தான். நீங்கள் வாங்கினால் பெட்டியைப் பிரித்த உடனே இடதையும் வலதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

வேலையில் பெரிய சூட்சுமம் இல்லை, பிடிவாதம்தான் வேண்டும். பழைய டிஸ்க், சக்கரம் மாட்டும் ஹப்போடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். சுத்தியலை எடுக்காதீர்கள். டிஸ்க் முகத்தில் இரண்டு மரைத் துளைகள் இருக்கின்றன, எட்டு மி.மீ. போல்ட் இரண்டைப் போட்டு மாறி மாறி முறுக்கினால் டிஸ்க் தானாக முன்னே வந்துவிடும். வந்த பிறகு ஹப் முகத்தைப் பளபளவென்று தேய்த்துவிடுங்கள். அங்கே ஒரு துளி துரு இருந்தாலும் டிஸ்க் கோணலாக உட்கார்ந்து கொஞ்ச நாளில் ஸ்டீயரிங் உதறும். பலர் டிஸ்க் வளைந்துவிட்டது என்று திட்டுவது பெரும்பாலும் இந்தத் துருவைத்தான். டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டு மறைப்பு பெரிய டிஸ்க்கை லேசாக உரசியது. பிளையர் வைத்து ஓரத்தைப் பின்னுக்கு மடக்கினேன், நின்றது.

பின் காலிபர் ஒரு தனிக் கதை. இது தெரியாமல் நிறையப் பேர் காலிபரைப் பாழாக்கியிருக்கிறார்கள். ஹேண்ட் பிரேக் சாதனம் பின் காலிபருக்கு உள்ளேயே இருக்கிறது. முன்பக்கம் போல கிளாம்ப் வைத்துப் பிஸ்டனை அழுத்தினால் அசையாது, இன்னும் அழுத்தினால் உள்ளே ஏதாவது உடையும். காலிபரின் முதுகில் 14 நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற ஒரு போல்ட் இருக்கும். பார்த்தால் எதையோ இறுக்கிப் பிடித்திருக்கிற மாதிரி தெரியும், உண்மையில் அது வெறும் மூடி. அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ போகிற குழி. இடப்பக்கம் திருப்பினால் பிஸ்டன் உள்ளே போகும், வலப்பக்கம் திருப்பினால் வெளியே வரும். புதுப் பேடை வைத்த பிறகு டிஸ்க் சுற்றாமல் பூட்டும்வரை வலப்பக்கம் திருப்பி, அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்று திரும்ப வர வேண்டும். ஆலன் கீ திரும்பும்போது உள்ளே பற்கள் உருளும் ஒரு மெல்லிய அசைவு விரலில் தெரியும். அந்த ஒரு கணத்துக்காகவே பின் பிரேக் வேலை எனக்குப் பிடித்துப்போனது.

ஏர் எடுக்க, அதாவது பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்ற, ஆள் வேண்டுமே. மகளை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்தேன். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்கினோம்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"பிடிச்சுக்கோ. விட்டுடாதே... இப்ப விடு."

நான்காவது சக்கரத்துக்கு வருவதற்குள் மேலேயிருந்து குரல்: "அப்பா, கடைக்காரங்க இதைச் செய்ய மாட்டாங்களா?"

"செய்வாங்க. மிதி."

கண்ணாடிக் குழாயில் குமிழி நின்று, தெளிந்த ஆயில் மட்டும் வர ஆரம்பித்தபோது இருட்டிவிட்டது. அவள் வலது காலைத் தேய்த்துக்கொண்டே இறங்கினாள். அந்த வாரம் முழுக்க நான் என்ன கேட்டாலும் "கால் வலிக்குது" என்பதுதான் பதில்.

அடுத்த நாள் அதிகாலை, ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் பேடைப் பழக்கினேன். 90 வேகத்திலிருந்து 20 வரை அழுத்திக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுத்து, பத்து முறை. சூடான பேடை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு நின்றால் டிஸ்க்கில் அந்த இடம் மட்டும் திட்டுப் பிடிக்கும், ஆகவே முடிந்ததும் பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் சும்மா ஓட்டி ஆறவிட்டேன். ஆறாவது முறையில் நாற்றம் வந்தது. பயப்பட வேண்டாம், வரத்தான் செய்யும். ஆறிய பிறகு டிஸ்க்கின் மேல் ஒரு நீலச் சாம்பல் படலம் ஒரே சீராகத் தெரிந்தது.

இப்போது தீர்ப்புக்கு வருகிறேன். பேட் வகையை வேண்டுமென்றே மாற்றவில்லை, முன்பு போட்டிருந்த அதே தயாரிப்பின் 1.8 வடிவத்தைத்தான் வாங்கினேன். டயரும் அதே டயர். ஆகவே மாறியது பிராக்கெட்டும் டிஸ்க்கும்தான்.

நகருக்குள் ஓட்டினால் வித்தியாசம் மிகக் குறைவு. பேட் 10 மி.மீ. வெளியே தள்ளிக் கவ்வுவதால் நெம்புகோல் கொஞ்சம் நீளம். அதே அழுத்தத்துக்குப் பத்து விழுக்காடு போலக் கூடுதல் பிடி வர வேண்டும். காலுக்கு அது முதல் இரண்டு நாள் தெரிந்தது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. அவசரமாக ஒரேயொரு முறை நிறுத்தும் தூரம் குறைந்ததா? இல்லை. குறையவும் குறையாது. பழைய பிரேக்கிலேயே ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டியது. அதற்கு மேல் நிறுத்துவது டயரின் பிடிமானம்தான். இதை யாராவது வேறு மாதிரி சொல்லி உங்களிடம் பாகம் விற்க வந்தால், நல்ல டயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

மலையில்தான் போட்ட உழைப்பு திரும்பக் கிடைத்தது. அதே இறக்கம். எட்டாவது வளைவில் மனசு தானாகவே உஷாரானது, கால் கொஞ்சம் முன்கூட்டியே பெடலுக்குப் போனது. வண்டி முதல் வளைவில் நின்ற மாதிரியே நின்றது. பத்து, பன்னிரண்டு, அடிவாரம் வரை அதே கதை. இறங்கி முகர்ந்து பார்த்தேன், சூடான இரும்பு வாசனை இருந்தது, கருகல் இல்லை. அதற்குப் பிறகு மூன்று முறை போய்வந்துவிட்டேன், ஒருமுறை ஆள் ஏற்றி, பெட்டி படுக்கையோடு. களைப்பு தெரியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஹேண்ட் பிரேக்கை இரண்டு முறை மறுபடி சரிசெய்ய வேண்டி வந்தது. புதுப் பேட் படிந்து உட்காரும்வரை இது இருக்கும்போல. அப்புறம் அதிகாலைக் குளிரில் பின் இடது பேட் லேசாகக் கீச்சிடுகிறது, கிரீஸ் வைத்துப் பார்த்தேன், போகவில்லை. விட்டுவிட்டேன்.

இதற்கு அடுத்த படியும் உண்டு. 2001க்குப் பிறகு வந்த ஸ்போர்ட் வகை வண்டிகளில் முன் டிஸ்க் 270, பின் டிஸ்க் 276. அதற்கு 15 அங்குல வீல் வேண்டும். 255 பிரேக் என் வண்டியோடு வந்த 14 அங்குல வீலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அந்தப் பழைய வீலும் உயரமான டயரும்தான் இந்த வண்டியின் முகம் என்று நினைக்கிறவன் நான். டிராக்கில் நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள், டர்போ போட்டவர்கள் நேராக 270க்குப் போகட்டும். மலையும் சாலையும் போதும் என்பவர்களுக்கு 1.8 பிரேக்கே தாராளம். ஆனால் முதலில் ஸ்லைடு பின்னை இழுத்துப் பாருங்கள், ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். அதிலேயே உங்கள் குறை தீர்ந்துவிட்டால் பிராக்கெட் தேடும் வேலை மிச்சம்.

தவறாக வந்த அந்த 1.6 பிராக்கெட்டை விற்றவர் திரும்பக் கேட்கவே இல்லை. இரண்டு கோட் கறுப்பு பெயின்டோடு கொட்டகைக் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.